துடைத்துக் கொடுத்த சக்கரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நான் கற்பனை செய்த கதை இல்லை. ஒரு பிரதோஷத்தன்று கபாலி கோயிலில் பிரசாத வரிசையில் நின்றபோது பக்கத்து வீட்டு விஜயலக்ஷ்மி சொன்னது. அவளுக்கு அடையாறில் ஒரு கல்லூரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பட்டறைக்காரர்கள் கொண்டுவரும் சாணைச் சக்கரங்களை மைக்ராஸ்கோப்பில் படம் எடுத்து, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுப்பாள். தொண்ணூற்று நாலில் ஒரு சக்கரத்தைப் பற்றித் தப்பாக எழுதிக் கையெழுத்துப் போட இருந்தாளாம். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை "நல்லவேளை" என்றாள். அந்த மூன்றாவது நல்லவேளைக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: அடையாறில் மழை கொட்டிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், கையில் ஒரு மூட்டையோடு

நிறுத்திவிட்டேன். அவள் சொன்னதில் மழையே கிடையாது. (ஆரம்பிக்கத் தெரியாதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுவது என் வழக்கம்.) மூட்டை மட்டும் நிஜம்.

2

மூட்டையைக் கொண்டுவந்தவர் இனாயத், ராயப்பேட்டைக்காரர். அசோக் நகரில் கஸ்தூரிரங்கனின் பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாகப் பம்புத் தண்டுகளைச் சாணை பிடிக்கிறார். அந்த மாதம் அவர் பிடித்த தண்டுகளில் கருகின தழும்பு விழுந்து, இரண்டு தடவை சரக்கு திரும்பி வந்துவிட்டது. சக்கரமோ புதுசு, முதலாளியே பார்த்து வாங்கியது. ஆகவே தப்பு கையில்தான் என்று கஸ்தூரிரங்கன் முடிவுகட்டினார்.

"ஒங்க கை முன்ன மாதிரி இல்ல, பாய்." பட்டறையில் எல்லாரும் கேட்கச் சொன்னார்.

ஆனாலும் நியாயம் பார்க்கிறவர். சக்கரத்தைக் காலேஜில் காட்டுவோம், அதில் குறை இருந்தால் சரி. இல்லையென்றால் நீங்கள் மெஷினை விட்டுவிட்டு பாக்கிங்குக்குப் போய்விடுங்கள் என்றார்.

பாக்கிங் என்றால் அட்டைப்பெட்டிக்குச் சணல் கட்டுவது. சக்கரம் உரசும் சத்தத்தை வைத்தே தண்டு எவ்வளவு இளைத்திருக்கிறது என்று சொல்லிவிடும் காதுக்கு அங்கே என்ன வேலை? இனாயத் வீட்டில் மனைவி ஹாஜிரா பீயிடம்கூட இதைச் சொல்லவில்லை.

(சொல்லவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் கதை அவருடையது. மனசுக்குள் அனுமதி கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.)

3

பெரிய படிப்புப் படித்தவர்கள் பார்க்கப்போகிற பொருள் அழுக்காகப் போகலாமா? முந்தின நாள் சாயங்காலம் இனாயத் வைர முனையை வைத்துச் சக்கரத்தின் முகத்தை மெல்லிசாகச் சீவினார். பிரஷ்ஷால் தூசி தட்டினார். வெளுத்த துண்டில் சுற்றிக்கொண்டார்.

[இரவல் வாங்கின பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கிறவர்கள் நாம். அந்த மரியாதையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லப்போகிறது. வைர முனை சீவி எடுத்தது அழுக்கை மட்டுமில்லை, தேய்ந்த தோலையும்.]

சாணைச் சக்கரம் என்பது கற்கண்டுத் தூள் மாதிரியான கெட்டி மணிகளை ஒட்டவைத்துச் சுட்ட வட்டம். மணி மழுங்கினால் தலை தட்டையாகி, வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லாக மின்னும். அன்று மைக்ராஸ்கோப்பில் ஒன்றுகூட மின்னவில்லை. அத்தனையும் கூர்.

"தேய்மானம் இல்லை" என்று எழுதினாள் விஜயலக்ஷ்மி. கையெழுத்து மட்டும் பாக்கி.

4

இங்கே அவள் கையெழுத்துப் போட்டுவிடுவதாகவும் எழுதிப் பார்த்தேன். இனாயத் சணல் கண்டை எடுத்து

மனசு வரவில்லை. நடந்ததையே சொல்கிறேன்.

காலையிலிருந்து அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விஜயலக்ஷ்மி அவரை உள்ளே கூப்பிட்டு, பிளாஸ்க்கில் இருந்த காபியில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள். அவர் கூச்சத்தோடு நின்றுகொண்டே குடிப்பதைப் பார்த்து, "ஆத்துலேர்ந்து கொண்டுவந்தது, ஆறிப்போயிருக்கும். ஒக்காந்துண்டு குடிங்கோ. அப்படியே ஒங்க சக்கரத்தையும் பாருங்கோ," என்றாள்.

(ஒரு வாய் காபியாலா ஒரு மனுஷன் தப்பிப்பான் என்று என் நண்பர் கேட்டார். அவள் கொடுத்தது காபிதான். நான் என்ன செய்யட்டும்?)

இனாயத் லென்ஸில் கண்ணை வைத்தார். முகம் மலர்ந்தது.

"சூப்பரா சீவிக்கீது மேடம். நேத்து நான் ஓட்டுன டைமண்டு கோடுகூட தெரியுது, பாருங்க."

"நேத்திக்கா? நேத்திக்கா சீவினேள்?"

"பின்ன? அழுக்கோட எடுத்தாந்தா மரியாதையா இருக்குமா?"

விஜயலக்ஷ்மி பேனாவை மூடினாள். "கறையைத் துவைச்சுட்டு சட்டையைக் கொண்டுவந்திருக்கேளே, பாய். நான் எங்கேர்ந்து கறையைக் காட்டுவேன்?"

எழுதின தாளைத் தள்ளி வைத்துவிட்டு, அவரை மறுநாளும் வரச் சொன்னாள்.

5

மறுநாள் கல்லூரிப் பட்டறையில் அதே சக்கரத்தை மாட்டி, அதே மாதிரித் தண்டுகளை இனாயத்தே பிடித்தார். சக்கரத்தின் பக்கவாட்டில் விஜயலக்ஷ்மி பென்சிலால் ஒரு குறி போட்டாள். பத்துத் தண்டுக்கு ஒரு தரம், குறிக்கு நேரே ஒரு படம். பத்தாவதில் இரண்டு மணி மின்னின. இருபதாவதில் இன்னும் எண்ண முடிந்தது. முப்பதாவதில் ஜரிகை விரித்த மாதிரி இருந்தது. முப்பதாவது தண்டில் தழும்பும் விழுந்தது.

மழுங்கின மணியைச் சக்கரம் உதிர்த்துவிட வேண்டும். அப்போதுதான் அடியிலிருக்கும் கூர்மணி மேலே வரும். இந்தச் சக்கரம் அந்த இரும்புக்கு அளவுக்கு மீறிக் கெட்டி. மழுங்கின மணியை விடாமல் பிடித்துக்கொண்டு, உரசி, சூடேறிக் கருக்கியது. கொஞ்சம் இளகின வேறொரு சக்கரத்தை மாட்டினார்கள். அதே கைதான். முப்பது தண்டு போயும் தழும்பில்லை.

[இந்த இடத்தில் மனிதர்களைப் பற்றி ஒரு நீதி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். உங்களுக்கே தோன்றியிருக்கும்.]

"கை இல்ல," என்றார் இனாயத். கழுவிக்கொள்ளக் குழாயடிக்குப் போனவர் திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்றாம். விஜயலக்ஷ்மிக்கு மூன்றாவது நல்லவேளை வந்தது இதைச் சொல்லும்போதுதான்.

6

வேறு சக்கரம் ஒரு வாரத்தில் வந்துவிட்டது. இனாயத் மெஷினில்தான் இருந்தார். இதுவரை அவளுக்குத் தெரியும். படங்களைப் பார்த்த கஸ்தூரிரங்கன் அவரிடம் என்ன சொன்னார் என்பது தெரியாது. நான் மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அழுகை அதிகம், ஒன்றில் விறைப்பு அதிகம். மூன்றாவதில் அவர் பேசவே இல்லை. அதை நான் நம்பவில்லை. அன்றைக்கு எல்லாரும் கேட்கச் சொன்னவர், இன்றைக்கும் எல்லாரும் கேட்கத்தான் சொல்லியிருப்பார்.

ஆகவே மெஷினை நிறுத்திவிட்டேன். பட்டறை நிசப்தம். கையில் முப்பதாவது தண்டுக்கு எடுத்த படத்தோடு கஸ்தூரிரங்கன் வந்து நிற்கிறார்.

"பாய்," என்கிறார். "[                              ]"

அடைப்புக்குள் இடம் விட்டிருக்கிறேன். யாரிடமோ சொல்ல வேண்டியதை நீங்களும் நெடுநாளாகச் சொல்லாமல் வைத்திருந்தால், அதையே இங்கே எழுதிக்கொள்ளுங்கள். பொருந்தும்.