அரக்கு வைத்த மூடி

மூன்றாவது முறையும் வண்டி இருமி நின்றதும், என் புருசன் அங்கப்பன் இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டுக்கொண்டார். பின்சீட்டில் நான் வலியில் நெளிந்துகொண்டிருக்கிறேன். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இது என் கைக்கு அடங்காது, ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மருத்துவச்சி கண்ணாயி அக்கா கையை விரித்துவிட்டாள். துரைசானி மனமிரங்கித் துரையின் காரையே கொடுத்தாள். டிரைவர் பெண்டாட்டிக்குக் கார் சவாரி என்று தலைச்சோலை எஸ்டேட் முழுக்கப் பேச்சாகியிருக்கும். நல்ல சவாரி! மேட்டு ரோட்டில் பாதிகூட ஏறவில்லை.

"குழாயில தூசி அடைச்சிருக்குமாட்ட இருக்குதுங்க," என்றார். என்னிடம் சொல்லவில்லை. முன்சீட்டில் குடையைக் கால்களுக்கு நடுவே ஊன்றி உட்கார்ந்திருந்த, எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டரிடம் சொன்னார். கார் வெளியே போனால் கூடவே போக வேண்டும் என்று அவருக்குத் துரையின் உத்தரவு.

"ரெண்டு வாட்டி ஊதினியேப்பா."

"இன்னொருக்கா ஊதிப் பாக்கறனுங்க."

பெட்ரோல் குழாயைக் கழற்றி வாய்வைத்து ஊதுவார். கார்புரேட்டர் கிண்ணத்தைத் துண்டால் துடைப்பார். ஹேண்டிலைச் சுற்றுவார். வண்டி கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். அந்த மனுசனுக்கு வாழ்க்கைப்பட்ட நாளாய்ச் சோறோடு சேர்த்து இந்த வண்டிக் கதையையும் தின்றிருக்கிறேன். என் வயிற்றைப் பற்றி விசாரித்ததைவிட அதன் வயிற்றைப் பற்றித்தான் அதிகம் பேசியிருப்பார். கண்ணாடிக்கு முன்னால் இருக்கிற தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கும்; அதன் மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும்; அது வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே வரும். போன மழையில் அந்த ஓட்டையில் சேறு அடைத்து வண்டி நின்றதை வாய் ஓயாமல் சொன்னவரும் இவர்தான். இப்போது அதே ஓட்டையின் மேல் அரக்கு இருக்கிறது. யாரோ பெட்ரோல் திருடுகிறார்கள் என்று சந்தேகப்பட்ட துரை, மதராசுக்குப் புறப்படும் முன் தொட்டியை விளிம்புவரை நிரப்பி, மூடியைச் சுற்றிலும் அதன் மேலேயும் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, மோதிரத்தால் முத்திரை குத்திவிட்டுப் போயிருந்தார். குழாயைக் கழற்றும்போது அது வழியாகக் கொஞ்சம் காற்று மேலே ஏறுகிறது, அந்தக் காற்றுக்குத் தக்கபடி வண்டி நகர்கிறது. வலியில் கிடக்கிற எனக்கே விளங்குகிறது, அவருக்கு விளங்காதா? முன்னால் வரும்போதெல்லாம் மூடியைப் பார்ப்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, அந்த மூடியத் தொறங்க."

"அது துரை வச்ச முத்திரை, சென்னம்மா."

"தொட்டுறாத அங்கப்பா," என்றார் ரைட்டர். "ஒடைச்சாத் திருட்டுப் பட்டந்தான். அந்தப் பட்டம் வாங்கின வேடியப்பன் பொண்டு புள்ளையோட லைன் ஊட்டக் காலி பண்ணிட்டுப் போனதப் பாத்தியில்ல? கூட இருந்த பாவத்துக்கு என்னையுமில்ல சேத்துத் தொரத்துவாங்க."

"பெட்ரோல் போனாத் திருட்டுங்கறீங்க. என் புள்ள போனா அதுக்கு என்ன பேருங்க?" என்று கத்தினேன்.

என் புருசன், "இரு கண்ணு, ஒரே ஒருக்கா ஊதிப் பாத்தர்றேன்," என்றார்.

ஊதுகிறாராம்! ஒரு வலி ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் கதவைப் பிடித்து இறங்கினேன். "அடியே, ஏண்டி எறங்கற!" என்று கண்ணாயி அக்கா பின்னாலேயே அலறிக்கொண்டு வந்தாள். ரோட்டோரம் கிடந்த கல்லை எடுத்து அரக்கின்மேல் போட்டேன். இரண்டாம் அடியில் அது பொடிப்பொடியாகச் சிதறியது. மூடியைத் திருகினேன். தொட்டி உஸ்ஸென்று நெடுமூச்சாகக் காற்றை இழுத்தது.

"நான் பாக்கல. நான் எதையுமே பாக்கல," என்று ரைட்டர் காப்பித் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இனியாவது வண்டியை எடுப்பார் என்று நினைத்தால், என் புருசன் காப்பிச் செடியில் ஒரு குச்சியை ஒடித்து இலையை உருவித் தொட்டிக்குள் விட்டார். நனைந்த குச்சியைத் தூக்கிக்கொண்டு ரைட்டரிடம் ஓடினார்.

"பாருங்க சாமி, எம்புட்டு நெறையா இருக்குதுன்னு. வந்த தூரத்துக்குத்தான் கொறஞ்சிருக்குது. ஒரு பார்வை பாருங்க."

ரைட்டர் திரும்பவில்லை.

"வண்டிய எடுக்கறீங்களா, இல்ல நான் இங்கயே பெத்துப் போடட்டுமா?"

"குச்சியில இருக்கற பெட்ரோலு காத்துல காஞ்சு போயிருமே, சென்னம்மா," என்றார். "அப்பறம் நான் எடுக்கலைன்னு ஆரு சொல்லுவாங்க?"

கையிலிருந்த கல்லை அவர் தலையிலேயே போட்டிருப்பேன். கல்லை வீசிவிட்டுக் குச்சியைப் பிடுங்கிக்கொண்டு பின்சீட்டில் விழுந்தேன். மூடியைத் திருகி மூடி, ஹேண்டிலைச் சுற்றிவிட்டு அவரும் ஏறினார். வண்டி ஒரு இருமல் இல்லாமல் மேட்டில் ஏறியது. முன்னால் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வளைவில் அடுத்த வலி இடுப்பைப் பிளந்துகொண்டு வந்தது. குச்சி என் கண்ணெதிரே காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. ஈரம் முடிகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தைப் பதித்து அழுத்தினேன்.

"அதத் தூக்கி வீசு சாமி, என் கையப் புடி," என்றாள் கண்ணாயி அக்கா.

நான் நகத்தை எடுக்கவில்லை.