சூரியனைக் கட்டும் கல்

துபாய் கண்காட்சியில் பெரு நாட்டுக் கூடத்துக்கு மலை செய்யும் வேலை சதக்கத்துல்லாவுக்குக் கிடைத்தது. கீழக்கரைக்காரர், அங்கே அல் குசைஸ் பகுதியில் பட்டறை வைத்துக் கடை அலங்காரத்தில் பேரெடுத்தவர். தெர்மாகோலை அடுக்கி, மேலே பிளாஸ்டர் பூசி, மச்சு பிச்சு என்ற பழைய இன்கா ஊரைப் படத்தில் உள்ளபடியே எழுப்பிவிட்டார். உச்சியில் ஒரு பாறை, அதன் நடுவே கட்டையாக ஒரு தூண். கண்காட்சி மேனேஜர் ஈசா வந்து பார்த்தான். தூணை அறுத்து, பாறையை ஜூஸ் கவுண்டர் ஆக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

தச்சன் கார்மேகம் ரம்பத்தோடு ஏணியில் ஏறும்போதுதான் எலேனா வந்து சேர்ந்தாள். அந்தக் கூடத்தில் சால்வை விற்கப் பெருவிலிருந்து வந்திருந்த ஒரே ஆள். விஷயம் தெரிந்ததும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"அது சூரியனைக் கட்டும் கல்," என்றாள் இங்கிலீஷில். "குளிர்காலத்தில் சூரியன் விலகிப் போய்விடாமல் எங்கள் முன்னோர் அதில் கட்டிவைத்தார்கள் என்போம். ஸ்பெயின்காரன் எங்கள் கோயில்களை இடித்தான். அந்த மலையூர் மட்டும் அவன் கண்ணில் படவில்லை. எங்களுக்கு மிஞ்சியது அதுதான்."

"இது தெர்மாகோல்மா," என்றார் சதக்கத்துல்லா. "உன் கல்லு உன் ஊர்ல பத்திரமா இருக்கு."

"உங்கள் மசூதியை இப்படிச் செய்து, தொழுகை மாடத்தில் ஜூஸ் விற்பாயா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பள்ளிவாசலையும் கல்லையும் ஒண்ணாக்காதே. வெளிய போ. டேய் கார்மேகம், அறுடா."

கார்மேகம் இறங்கி வந்து ரம்பத்தைத் தரையில் வைத்தான். "நான் அறுக்கல மொதலாளி. சாமி இடம்னு அந்தம்மா சொல்லுது."

"விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்திருவேன்."

"ஏத்துங்க."

சதக்கத்துல்லா தானே ஏறினார். கோபத்தில் ரம்பம் கோணலாக ஓடியது. தூண் உருண்டு எலேனாவின் காலடியில் விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திறப்பு நாளில் கூட்டம் நெரிந்தது. பாறையெங்கும் மாம்பழச் சாறு வழிந்து ஈ மொய்த்தது. பெரு நாட்டுக்காரர் ஒருவர்கூட இல்லையா என்று வந்தவர்கள் கேட்கக் கேட்க, ஈசா எல்லார் முன்னிலும் சதக்கத்துல்லாவைத் திட்டினான். அவளை விரட்டியது யார் என்று கேட்டான். அறுக்கச் சொன்னவன் தானே என்பதை வசதியாக மறந்துவிட்டான்.

எலேனா மொராக்கோ கூடத்தில், ஒரு கம்பளக்காரியின் கடையோரம் சால்வைகளைப் பரப்பியிருந்தாள். சதக்கத்துல்லா அங்கே போய் நின்றார். கூப்பிட வாய் கூசியது.

"தூணைத் திருப்பி ஒட்டிடறேன். கவுண்டரையும் எடுக்கச் சொல்றேன். வா."

அவள் சால்வையை மடித்தபடியே இருந்தாள். "அந்த ஈசா உன்னைத் திட்டாவிட்டால் வந்திருப்பாயா?"

சதக்கத்துல்லா ஒரு சால்வையின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"ஹலாஸ்," என்றாள். இங்கே வந்து கற்றுக்கொண்ட அரபுச் சொல், முடிந்தது என்று அர்த்தம். சால்வை வாங்க வந்த அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"திமிர் பிடிச்சவ," என்று முணுமுணுத்தபடி அவர் கூட்டத்துக்குள் நடந்தார். கார்மேகத்தை ஊருக்கு அனுப்பவில்லை, நகரத்துக் கோடியில் உள்ள ஜெபல் அலி சைட்டுக்கு மாற்றினார். அவன் தன்னிடம் இருந்த பட்டறையின் மாற்றுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, முகம் பாராமல் வேனில் ஏறினான்.