துருவில் பதிந்த பெருவிரல்

ஓஸ்வால்ட் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே தனலக்ஷ்மிக்குத் தெரிந்துவிட்டது, துருப்பிடித்த தகடு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று.

பரிசோதனை அறையில் ஆறு பெண்கள் வரிசையாக நின்றார்கள். வெளியே ஜூலை மாதத் தூறல். நேற்று மதியம் ஒவ்வொருத்தியும் பத்து நிமிஷம் வெறுங்கையால் அழுத்திப் பிடித்த எஃகுத் தகடுகள், ஈரத்துணிக்கு அடியில் ராத்திரி முழுக்கத் தகரப் பெட்டியில் கிடந்தன. போர்மேன் ஓஸ்வால்ட் ஒவ்வொன்றாக எடுத்துப் பின்பக்கம் ஒட்டியிருந்த பெயரைப் படித்தார்.

"மேரி, கிளீன். வள்ளியம்மா, கிளீன்."

ஐந்து தகடுகள் கண்ணாடியாகப் பளபளத்தன. ஆறாவதை அவர் வாசிக்கவே இல்லை. அப்படியே திருப்பிக் காட்டினார். ஐந்து விரல்களும் செம்பழுப்பு நிறத்தில் அச்சாகப் பதிந்திருந்தன.

"இன்னாடி இது?" என்று மேரி காதோரம் முணுமுணுத்தாள்.

பெங்களூரில் காக்ஸ் டவுனைத் தாண்டி இருந்த அந்தச் சின்னத் தொழிற்சாலையில், கருவிகளுக்கான பேரிங்குகள் செய்தார்கள். மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய எஃகு வளையங்கள். போன வாரம் பம்பாய் வாடிக்கையாளர் ஒருவர் இருநூறு பேரிங்குகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஒவ்வொரு வளையத்தின் வெளிப்புறத்திலும் எண்ணெய்க்கு அடியில் ஒரு பெருவிரலின் துரு. சிலருடைய கை வேர்வைக்கு எஃகைத் தின்னும் குணம் உண்டு என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட கையைப் பரிசோதனை அறையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

தனத்தின் தற்காலிக வேலை சனிக்கிழமையோடு முடிகிறது. அன்று ஓஸ்வால்ட் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். வீட்டில் அப்பா ஜெயவேலு, கோலார் தங்கச் சுரங்கத்தின் தூசியை நுரையீரலில் சுமந்துகொண்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வேறு சம்பாதிக்கிற கை கிடையாது.

"சார், நான் எப்பவும் ரப்பர் உறை போட்டுக்கினுதான் தொடுவேன் சார்."

"கொஞ்சம் சத்தமா பேசும்மா."

அவள் திரும்பச் சொன்னாள்.

"எப்பவுமா? ஜூன் மாசம் உறையைக் கழட்டிட்டு உக்காந்திருந்தியே, நான் பாக்கலையா?"

"கட்டைவிரல்ல அரிவாள்மணை கீறிடுச்சு சார். உறைக்குள்ள எரிஞ்சுது. அந்த ஒரு நாள் மத்தியானம்தான். ஆனா பீஸைத் தொடல சார், ரெஜிஸ்டர்தான் எழுதினேன்."

"கீறல்!" ஓஸ்வால்ட் மேஜையில் இருந்த ஒரு துருப்பிடித்த வளையத்தை எடுத்து அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். "இதுலயும் ஒரு கோடு ஓடுது, பாரு. நடுவுல வெள்ளையா. இதுக்கு மேல என்ன வேணும்? டாக்டரம்மா வந்ததும் அன்ஃபிட்னு எழுதி வாங்கிக்கறேன்."

வியாழக்கிழமைதோறும் வரும் தொழிற்சாலை மருத்துவர் அலர்மேல்மங்கை, ஸ்வெட்டர் மேல் வெள்ளைக் கோட்டுடன் பத்து மணிக்கு உள்ளே நுழைந்தார். ஓஸ்வால்ட் நீட்டிய படிவத்தை வாங்கினார், ஆனால் பேனாவைத் திறக்கவில்லை.

"கையைக் காட்டும்மா. அடடா, நனைஞ்சு கிடக்கே! நானே குளிர்ல நடுங்கறேன், உனக்கு ஏன் வேர்க்கறது?"

"தெரியல டாக்டர்."

பேரிங்குகளில் கீறல் பார்க்க அந்த அறையில் ஒரு மைக்ராஸ்கோப் இருந்தது. டாக்டர் தனத்தின் விரலை நன்றாகத் துடைத்து, அதன் கீழே வைத்து, விளக்கைத் திருப்பிக் குனிந்தார். விரல் காய்ந்துதான் இருந்தது.

"இதுல என்னத்தைப் பாக்கறது, டாக்டர்?" ஓஸ்வால்ட் பொறுமை இழந்து உள்ளங்கையால் மேஜையைத் தட்டினார். "வேலை நிக்குது இங்க!"

தனம் திடுக்கிட்டாள்.

"அசையாதே!" என்றார் டாக்டர். "அப்படியே இரு. நீயே பாரு, தலையை மட்டும் சாய்ச்சுக்கோ."

தனம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். தன் விரல் என்று நம்பவே முடியவில்லை. ரயில் யார்டில் பக்கம் பக்கமாக வளைந்து ஓடும் தண்டவாளங்கள் போல மேடுகள். ஒவ்வொரு மேட்டின் முதுகிலும் வரிசையாகக் குழிகள். ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு துளி நீர் முளைத்து, உருண்டு, பக்கத்துத் துளியோடு சேர்ந்தது.

"அதெல்லாம் வேர்வை வாய். தோலுக்குள்ள, அடி அடுக்குல, நூல் சுருட்டி வச்ச மாதிரி சுரப்பி இருக்கும். அங்கேருந்து சுருள் சுருளா ஒரு குழாய் மேலே வந்து இங்கே திறக்கறது. முதுகு வேர்க்கறது வெயிலுக்கு. உள்ளங்கை அப்படியில்லை, மனசுக்கு வேர்க்கும். மிஸ்டர் ஓஸ்வால்ட், நேத்திக்கு இவ தகடு பிடிச்சப்போ நீங்க எங்கே நின்னேள்?"

"எதிர்லதான்."

"சும்மா நின்னேளா?"

மேரிக்கு அடக்க முடியவில்லை. "சும்மா இன்னா டாக்டர், 'நீதான், எனக்குத் தெரியும்'னு பத்து நிமிஷமும் இவளையே திட்டிக்கினு இருந்தாரு!"

"மேரி, ஷட் அப்!" ஓஸ்வால்டின் முகம் சிவந்தது. "பயமோ வெயிலோ, துரு துருதான். இவ கட்டைவிரல்ல அரிவாள்மணை கீறியிருக்கு, இந்த வளையத்துலயும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குப் பதில் சொல்லுங்க."

அது நியாயமான கேள்விதான். அவள் பெருவிரலில் கீறல் விழுந்தது உண்மை. வளையம் சுண்டுவிரல் நக அகலம்தான்; அதில் பெருவிரல் முழுதாகப் பதியவில்லை, நாலைந்து ரேகைகளும் அந்தக் கோடும் மட்டுமே. தன் விரல் என்று யாராவது சாதித்தால் எப்படி மறுப்பது?

டாக்டர் முதலில் வளையத்தைப் பார்த்தார். பிறகு தனத்தின் பெருவிரலை. மறுபடி வளையத்தை.

"இவ கீறல் எங்கே போச்சுன்னு எனக்கே தேட வேண்டியிருக்கு. அரிவாள்மணை மேல்தோலோட நின்னுடுத்து. மேல்தோலுக்கு அடியிலே இருக்கிற அடுக்குதான் ரேகைக்கு அச்சு. அச்சு சேதமாகலைன்னா மேலே எத்தனை தடவை உரிஞ்சாலும் அதே ரேகை, அதே இடத்துல திரும்ப வரும். வளையத்துல இருக்கறது வேற. வந்து பாருங்கோ."

ஓஸ்வால்ட் தயங்கினார். தனம்தான் குனிந்தாள்.

துருப் புள்ளிகள் வரிசை வரிசையாக நின்றன. நடுவில் சாய்வாக ஒரு பட்டை மட்டும் துருவே இல்லாமல் மின்னியது. பட்டையின் இந்தப் பக்கத்து ரேகையும் அந்தப் பக்கத்து ரேகையும் ஒன்றோடொன்று சேரவில்லை. கட்டம் போட்ட துணியைக் கிழித்து, கட்டங்கள் பொருந்தாமல் தைத்த மாதிரி இருந்தது.

"அந்தப் பட்டையிலே வேர்வை வாய் ஒண்ணுகூட இல்லை" என்றார் டாக்டர். "வெட்டு அடி அடுக்கையும் தாண்டி ஆழமாப் போயிருக்கு. தையல் போட்டிருப்பா. சுரப்பி செத்துப்போனா செத்ததுதான், தழும்பு வேர்க்காது. இது பழைய, பெரிய காயம். இந்தப் பொண்ணு கை இல்லை. யார் கைன்னு எனக்குத் தெரியாது."

"அப்ப ஒண்ணு பண்றேன்" என்றார் ஓஸ்வால்ட். குரல் சற்று இறங்கியிருந்தது. "யாருன்னு தெரியற வரைக்கும் ஆறு பேரையும் நிறுத்திடறேன். ரிஸ்க் எடுக்க முடியாது."

மேரி தனத்தின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கும் நினைவு வந்துவிட்டது என்று அந்த அழுத்தத்திலேயே தெரிந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓஸ்வால்ட் முதல் நாள் சொல்கிற கதைதான். லேத் மெஷின், எட்டுத் தையல், "எலும்பு வெள்ளையா தெரிஞ்சுது, தெரியுமா?" என்று பெருவிரலைத் தூக்கிக் காட்டுவார். பெண்கள் ரப்பர் உறையோடு பெட்ரோலில் கழுவித் தரும் ஒவ்வொரு பேரிங்கையும், எண்ணெயில் முக்குவதற்கு முன்னால், வெறுங்கையால் காதோரம் சுழற்றிச் சத்தம் கேட்டுப் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். உறை போட்டால் ஓட்டம் விரலுக்குத் தெரியாது என்பார்.

இப்போது அவருடைய வலது கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

சொன்னால், சனிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டியவரையே எதிர்த்ததாகும். சொல்லாவிட்டால் சனிக்கிழமையே கிடையாது, மேரிக்கும் கிடையாது. தனத்தின் உள்ளங்கையில் வேர்வை வழிந்தது. அதைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"சார், உங்க கையும் பாத்துடலாம் சார்."

"என்ன?"

இந்த முறை அவள் உரக்கவே சொன்னாள். "உங்க கட்டைவிரல், சார். எங்க ஆறு பேர் கையையும் பாத்தீங்க. உங்களுது மட்டும் பாக்கல."

திட்டப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். ஓஸ்வால்ட் டாக்டரைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து கையை எடுத்து, தானே போய் மைக்ராஸ்கோப்பின் கீழே பெருவிரலை வைத்தார். அது பளபளவென்று நனைந்திருந்தது.

டாக்டர் அதிக நேரம் பார்க்கவில்லை.

"முப்பது வருஷம் பேரிங் தொட்டிருக்கேன்" என்றார் ஓஸ்வால்ட். "ஒரு பீஸ் துருப்பிடிச்சதில்ல, டாக்டர். ஒண்ணுகூட."

"இப்போ என்ன ஆச்சு?"

அவர் பெண்கள் பக்கம் திரும்பவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆறு மாசமா இந்தக் காது சரியா கேக்கல. முன்னே ஒரு சுத்து போதும், நல்ல பேரிங்கா இல்லையான்னு சொல்லிடுவேன். இப்ப மூணு தடவை, நாலு தடவை அழுத்திச் சுத்தறேன். ஒவ்வொரு பீஸுக்கும் பயம். கெட்டதைப் பாஸ் பண்ணிட்டேனோன்னு. வெளியே தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்களேன்னு."

தனத்துக்கு அந்தப் பயம் தெரிந்த பயமாக இருந்தது. அவருக்காக இரங்குவதா, நேற்றைய பத்து நிமிஷத்துக்காகக் கோபப்படுவதா என்று புரியவில்லை. இரண்டுமே இருந்தன.

ஓஸ்வால்ட் அன்ஃபிட் படிவத்தை நான்காகக் கிழித்தார். "மேனேஜருக்கு நானே ரிப்போர்ட் எழுதறேன். என் பேர்ல."

இழுப்பறையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். சனிக்கிழமை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. ரிப்போர்ட் மேலே போன பிறகு இந்த மேஜையில் யார் உட்கார்ந்திருப்பார்களோ, யாருக்குத் தெரியும்? தனலக்ஷ்மி, ஜெயவேலு மகள் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டு, அவளிடம் நீட்டினார்.

"உறையைக் கழட்டாதே" என்றார்.

"கழட்ட மாட்டேன் சார்."

காகிதத்தை அவர் பிடித்திருந்த ஓரத்தில் ஈரமாக ஒரு பெருவிரல் பதிந்திருந்தது, நடுவில் சாய்வாக உலர்ந்த ஒரு கோட்டோடு. அது காயும் வரை தனம் காகிதத்தை மடிக்கவில்லை.