மேட்டில் மட்டும் கொதிக்கிற வண்டி

எனக்குப் பொய் சொல்லும் வண்டிகளைக் கண்டால் ஆகாது. கொதிக்கிறதென்றால் என் கண் முன்னால் கொதிக்க வேண்டும். அந்தப் பிக்கப் இரண்டு முறை என் பட்டறைக்கு வந்தது, இரண்டு முறையும் நல்ல பிள்ளை வேஷம் போட்டது.

ஓட்டி வந்தவன் அந்த வீட்டு மருமகன். வண்டி மாமனாருடையது. சிமெண்ட் கல் ஏற்றிய டிரெய்லரைப் பின்னால் மாட்டிக்கொண்டு, மேட்டுத் தெருவில் கட்டுகிற வீடுகளுக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டும். அதுதான் தொழில்.

"சமமான ரோட்டுல ஒண்ணும் இல்லக்கா. காலியா மேடு ஏறினாலும் ஒண்ணும் இல்ல. டிரெய்லரோட பாதி மேடு ஏறினா சூடு காட்டற முள்ளு சிவப்புக்குப் போயிடுது" என்றான். பேசும்போது தரையைத்தான் பார்ப்பான். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வரிசையாகப் பார்த்தேன். தண்ணீர் குறையவில்லை. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்கியது. சூடேறினால் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன், ஒழுங்காகத் திறந்தது. இன்ஜின் கேஸ்கட் போயிருந்தால் தண்ணீரில் குமிழி வரும், அதுவும் இல்லை. ரேடியேட்டரையே இறக்கிக் கழுவினேன், உள்ளே அடைப்பு கிடையாது. கடைசியில் டிரெய்லரில் என் பட்டறையில் கிடந்த செத்த இன்ஜின்களை எல்லாம் ஏற்றி, நானே மேட்டில் ஓட்டினேன். முள் நடுவில் நின்றது, நகரவே இல்லை.

மாமனார் போனில் கேட்டார், என்ன கோளாறு என்று. எனக்கு எரிச்சல். "வண்டில ஒண்ணும் இல்லைங்க. ஓட்டறவரப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

இரண்டாம் முறை வந்தபோது மருமகனின் முகத்தில் ஈயாடவில்லை. நான் போனில் சொன்னதை அந்த வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறியிருக்கிறார்கள். முன்பு வண்டியை ஓட்டியவன் மாமனாரின் ஒரே மகன். காய்ச்சலில் போய்விட்டான்.

"மச்சான் ஓட்டின காலத்துல ஒரு நாள் கூட சூடானதில்லையாம். தினம் அதான் பேச்சு. இன்னொரு தடவ ரோட்ல நின்னா சாவிய வாங்கிடுவேன்னு மாமா சொல்லிட்டாரு. சாவி போச்சுன்னா அந்த வீட்ல எனக்கு என்னக்கா இருக்கு? பொண்டாட்டி கூட மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல."

அழுது வடியும் ஆண்களைப் பார்த்தால் எனக்கு இரக்கத்துக்கு முன்னால் கோபம் வரும். "அடுத்த தடவ கொதிச்சா, கொதிச்ச இடத்துலேருந்து நேரா இங்க வா. வீட்டுக்குப் போகாத, கழுவாத, எதையும் கழட்டாத" என்று அனுப்பினேன்.

மறுவாரமே வந்தான். பானெட்டிலிருந்து ஆவி. பின்னால் கல் நிறைந்த டிரெய்லர். பக்கத்தில் மாமனார், ஜன்னலோரம் அவன் மனைவி. அவன் எப்படி ஓட்டிக் கெடுக்கிறான் என்று நேரில் பார்க்க அப்பாவும் மகளும் கூடவே ஏறியிருக்கிறார்கள்.

நான் வண்டியின் முன்னால் போய் நின்றேன். நின்றவள் அப்படியே நின்றேன்.

முகப்பில் இந்த விளக்கிலிருந்து அந்த விளக்கு வரை ஒரு தகர போர்டு. அதில் செத்துப்போன மகனின் முகம், ஸ்டியரிங் அளவுக்கு, சிரித்தபடி. கீழே 'எங்கள் வழிகாட்டி' என்று பெரிய எழுத்து. காற்று நுழைய ஒரு விரல் இடம் விடவில்லை.

"இது எப்பலேருந்து இருக்கு?"

"மச்சான் போனதுலேருந்து இருக்குக்கா. பட்டறைக்கு வரும்போது மட்டும் வீட்ல கழட்டி, போர்வைல சுத்தி வச்சிட்டு வருவேன். அவரு முகத்துல கிரீஸ் கை படக்கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை. காலியாகப் போனால் உள்ளே கசிகிற காற்று போதும். பாரம் இழுத்துக்கொண்டு மேட்டில் மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்கு மூச்சு முட்டியிருக்கிறது. நான் இல்லாத நோயைத் தேடி வண்டியை அக்கக்காகப் பிரித்திருக்கிறேன்.

"வண்டியோட மூக்கப் பொத்திட்டு ஏன் மயங்குதுன்னு கேக்கறீங்க" என்றேன் மாமனாரிடம். "இதக் கழட்டுங்க. நீங்களே என் பக்கத்துல உக்காந்து பாருங்க."

பெரியவர் மகளோடு கீழே இறங்கினார். மருமகனைப் பார்த்து, "கீழ வைக்காத" என்று மட்டும் சொன்னார். அவன் கையைத் துடைத்துக்கொண்டு நான்கு போல்ட்டையும் கழற்றி, போர்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். இன்ஜின் ஆறும் வரை அப்படியே நின்றான். மகளும் அவன் பக்கத்தில் நின்றாள்.

நான் தண்ணீர் ஊற்றி, அதே கல் பாரத்தோடு மேட்டில் ஏற்றினேன். பாதி மேடு. முக்கால் மேடு. உச்சியில் திருப்பி இறக்கினேன். பெரியவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை, முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அது நடுவை விட்டு அசையவில்லை.

பட்டறை வாசலில் நுழையும்போதே தலையை வெளியே நீட்டி, "ஏறிடுச்சுப்பா. உன் மேல தப்பு இல்ல" என்றேன்.

போர்டை நெஞ்சோடு பிடித்தபடியே அவன் சிரித்தான். அன்றுதான் அவன் பல்லைப் பார்த்தேன். "மாமா, நான் சரியாத்தான் ஓட்டியிருக்கேன் மாமா" என்றான், ஏதோ பரீட்சையில் தேறிய மாதிரி.

பெரியவர் இறங்கினார். "போர்ட மாட்டு."

"கூரை மேல மாட்டிக்கலாங்க. நானே ஓட்டை போட்டுத் தரேன். அங்க இருந்தா எல்லாருக்கும் இன்னும் நல்லாத் தெரியும்" என்றேன்.

"என் பையன் முன்னாடிதான் போவான். இந்த போர்டோட மேடு ஏத்தத் தெரியணும். அவனா இருந்தா ஏத்தியிருப்பான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் இருந்திருந்தா இந்த போர்டே இருந்திருக்காதே" என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பெரியவரின் தாடை ஆடியது. என்னை ஒன்றும் செய்ய முடியாது, நான் அவர் சோற்றைத் தின்னவில்லை. அவர் மருமகன் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"சாவி."

சாவி என் கையில்தான் இருந்தது. நான் கொடுக்கவில்லை. மகள் வந்து என் விரல்களுக்கிடையிலிருந்து அதை உருவி அப்பாவிடம் கொடுத்தாள்.

மருமகன் அதற்குள் குனிந்து போர்டை மாட்ட ஆரம்பித்திருந்தான். படத்தின் முகத்தில் பட்டிருந்த தூசியைச் சட்டை நுனியால் துடைத்து, நான்கு போல்ட்டையும் முறுக்கினான். எழுந்து மனைவியிடம் போனான். அவள் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தாள். பெரியவர் ஓட்டுநர் இருக்கையில்.

"நீயாவது சொல்லேன். முள்ளு ஏறல. மாமாவே பாத்தாரு."

"நானும்தான் பாத்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. "எங்கண்ணன் மூஞ்சியக் கையில வச்சிக்கிட்டு நீங்க சிரிச்சீங்க."

வண்டி டிரெய்லரை இழுத்துக்கொண்டு மேட்டுப் பக்கம் திரும்பியது. அவன் சும்மா நிற்கவில்லை. பாதி மேட்டில் கொதித்து நின்றுவிட்டால் ஊற்ற வேண்டுமே என்று, என் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் நடக்க ஆரம்பித்தான்.