பூதம் காத்த தோல் பாலம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் சௌந்தர்யா, ரோபோ செய்யக் கற்றுக்கொள்ளத்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தாள். அங்கே கதைதான் காதைத் துளைத்தது. வாத்தியார் பரணிதரனுக்கு எதையும் சாகசமாகச் சொன்னால்தான் திருப்தி. இன்றைக்குப் பாலாற்றில் வெள்ளமாம், அதுவும் சித்திரை வெயிலில்! மேஜையில் விரித்த வெள்ளை அட்டைதான் ஆறு. அதன் குறுக்கே போட்ட பளபளப்பான கறுப்புத் தோல் பட்டைதான் பாலம். கறுப்புக் கோட்டின் மேலேயே ஓடும்படி புரோகிராம் எழுதிய ரோபோக்கள் ஒவ்வொன்றாகப் பாலத்தை விட்டு ஆற்றில் இறங்கின.

"பாலத்தைக் காக்கிற பூதம் இழுத்துட்டுது!" என்று கண்ணை உருட்டினார் வாத்தியார்.

"பூதமும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். தோல் ஜாஸ்தி மினுக்குது. சென்சாருக்கு அதுவும் வெள்ளையாத்தான் தெரியுது" என்றாள் சௌந்தர்யா.

அவர் காதிலேயே வாங்கவில்லை. பூதத்துக்கு ஒரு தங்கை முளைத்தாள், தங்கைக்கு ஒரு சாபம் வந்தது. சாபம் தீர்வதற்குள் நமக்கு நரைத்துவிடும் என்று முணுமுணுத்தபடி சௌந்தர்யா எழுந்துபோய், தோலின் மேல் மினுக்காத கறுப்பு டேப்பை நீளமாக ஒட்டினாள். அவளுடைய ரோபோ நூல் பிடித்தாற்போல் ஓடி அக்கரை சேர்ந்தது.

வாத்தியாரின் முகம் சுண்டிப்போயிற்று. "பூதம் இன்னும் சாகலியேம்மா! அதுக்குள்ள இது எப்பிடித் தாண்டிச்சி?"

"ரோபோவுக்குக் கதை தெரியாது சார்."