விட்ட செடி

எங்கள் தோட்டத்தைத் திறந்தவன் ஒரு வெள்ளைக்காரனாம். உடப்புசல்லாவைப் பாதையிலிருந்து தெரிகிற மலை முழுவதையும் அவனே காடு வெட்டித் திருத்தினானாம். எழுபத்தைந்தாம் ஆண்டு விழாவுக்கு அப்படித்தான் கல்லில் கொத்திக்கொண்டு வந்தார்கள். அந்த ஆள் கோடரியைத் தொட்டாவது பார்த்திருப்பானா?

காட்டை வெட்டியது எங்கள் ஆட்கள். என் தாத்தா மூக்கன் ஆறாம் நம்பர் மலையில் மரம் சாய்ந்து, அதன் அடியிலேயே செத்தார். காய்ச்சலில் போனவர்கள், பிரசவத்தில் போன பெண்கள், எல்லோரையும் அங்கேயே புதைத்து மேலே தேயிலை நட்டார்கள். அடையாளத்துக்கு ஒரு கல் வைக்கக்கூட அன்றைக்குத் தோட்டத்தை நடத்திய துரை விடவில்லை.

அதனால் கவ்வாத்துக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். கவ்வாத்து என்றால் தேயிலையை வளரவிடாமல் கத்தியால் வெட்டி இறக்குவது. புதைகுழி மேல் நிற்கிற செடியில் மட்டும் கத்தி வைக்க மாட்டோம். வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும், வெள்ளையாகப் பூக்கும். அதற்கு விட்ட செடி என்று பெயர். என் அப்பா பழனியாண்டி அவற்றைச் சுற்றி வந்துதான் வெட்டினார். நானும் அப்படித்தான். அரசாங்கம் ஓட்டுரிமையைப் பறித்து, நாடில்லாதவர்கள் என்று எங்களை ஒதுக்கிய பிறகு, நாங்கள் இந்த மண்ணுக்காரர்கள் என்பதற்கு அந்த மரங்கள்தான் மிச்சம்.

விழாக் கல்லை ஆறாம் நம்பர் உச்சியில் நடுவதாக முடிவாயிற்று. கொழும்பிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து படம் பிடிப்பார்களாம். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில், எங்களை மேய்க்கிற கண்டாக்கு கந்தப்பன் சொன்னார்:

"அந்த மரமெல்லாம் அசிங்கமா நிக்குது. தொர வெட்டச் சொல்லிட்டாரு."

"அது எங்க ஆளுங்கய்யா," என்றேன்.

"டேய் அழகா, செடிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் தெரியாதாடா ஒனக்கு?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவரும் தமிழர்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நாங்கள் யாரும் கத்தியை எடுக்கவில்லை. துரையும் சண்டைக்கு வரவில்லை. மறுநாள் கவ்வாத்து ஆட்கள் அத்தனை பேரையும் கீழ்ப் பிரிவுக்குப் பாதை வெட்ட அனுப்பினார். சாயங்காலம் திரும்பினால், வெளியாட்களைக் கொண்டு மரங்களையும் சுற்றியிருந்த செடிகளையும் வேரோடு பிடுங்கி, குழியை மூடி, வரிசையாகப் புதுச் செடி நட்டு வைத்திருந்தார்கள். தாத்தா எங்கே, மற்றவர்கள் எங்கே, ஒன்றும் தெரியவில்லை.

என் மனைவி பூரணி கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வயிற்றில் அடித்துக்கொண்டாள். "பாவிங்க, செத்தவங்களுக்கும் பத்துச்சீட்டுக் குடுத்துட்டானுங்களே!" வேலையை விட்டு விரட்டும்போது கையில் திணிக்கிற சீட்டு அது.

விழா நடந்தது. கல்லுக்கு மாலை போட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பணிஸ் ரொட்டி கொடுத்தார்கள். என் மகள் கையிலிருந்ததை நான் தட்டிவிட்டேன். அவள் அழுதாள். அழட்டும் என்று இருந்துவிட்டேன்.

மூன்று வருஷம் கழித்து, புதுச் செடிகளும் வளர்ந்து மற்றவற்றோடு கலந்துவிட்ட பிறகு, ஆறாம் நம்பருக்குக் கவ்வாத்து முறை வந்தது. கத்தியைத் தீட்டிக்கொண்டுதான் போனோம். வரிசை பிடித்து நின்றோம். ஒருவரும் குனியவில்லை. கந்தப்பன் தொண்டை கிழியக் கத்தினார். துரை மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"ஏன் வெட்டுறது இல்லை?"

நான் தலைத்துண்டை எடுக்கவில்லை. "ஆளு படுத்திருக்கிற செடியில நாங்க கத்தி வைக்க மாட்டோமுங்க தொர. எதுன்னு அடையாளம் இருந்துச்சு. நீங்க புடுங்கிட்டீங்க. இப்ப எந்தச் செடிக்குக் கீழ யாரு இருக்காங்கன்னு தெரியலிங்க."

"அதுக்கு?"

"இனி இந்த மலையில எல்லாமே விட்ட செடிதானுங்க."

விரட்டிவிடுவேன் என்று குதித்தார். பக்கத்துத் தோட்டத்து ஆட்களைக் கூட்டி வந்தார். விஷயம் கேட்டதும் அவர்களும் கத்தியைக் கீழே வைத்தார்கள்.

இப்போது ஆறாம் நம்பர் காடாகிக் கிடக்கிறது. கல் உள்ளே எங்கேயோ இருக்கிறது. காட்டை வெட்டித் திருத்தியவன் என்று பெருமையாகக் கொத்தினார்களே, அதைப் படிக்க ஆசையிருந்தால் துரையே கத்தியெடுத்து வெட்டிக்கொண்டு உள்ளே போகட்டும்.