வான்செல்லாவின் பாட்டுக்கு மூன்று தட்டு

வான்செல்லா டேட் பாடிய அந்தக் காதல் பாட்டு இல்லாமல் டெட்ராய்ட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை. அதைத்தான் நான் பிரித்துப் போட்டு ஜாஸாக மாற்றி வைத்திருந்தேன். நாலு தட்டில் துள்ளுகிற 'சோல்' வகைப் பாட்டை மூன்று தட்டுக்கு இறக்கி, வேகத்தைப் பாதியாக்கி, வார்த்தைகளை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் என் ஆர்கன் வாத்தியத்திடம் கொடுத்துவிட்டேன். எனக்குத் திமிர் கொஞ்சம் அதிகம் என்பார்கள். இருக்கட்டுமே.

கோராவின் கிளப்பில் ஞாயிறு மதியம் வாசிப்பது நானும் டிரம்ஸ் அடிக்கும் லவெலும்தான். அன்று மேடை ஏறும் முன்பே கோரா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெனெட்டா, உன் ஜாஸைக் கேட்டு ஜனங்க கொட்டாவி விடுறாங்க. இன்னைக்கும் யாரும் எந்திரிச்சு ஆடலைன்னா, இனிமே ஞாயித்துக்கிழமை இசைத்தட்டு போடுறவனுக்குத்தான். முன் மேசையைப் பாத்தியா?"

வான்செல்லாவே உட்கார்ந்திருந்தார். சர்ச்சிலிருந்து நேராக வந்தவர், ஊதாத் தொப்பியைக் கழற்றாமல் பொரித்த கெளுத்தி மீனைத் தின்றுகொண்டிருந்தார்.

"வேணாம் ரெனெட்டா," என்றான் லவெல். "அந்தம்மா எதிர்லயே அவங்க பாட்டைக் கொத்துக்கறி போடப்போறியா?"

"கொத்துறது நானு. நீ தாளத்தை மட்டும் பாரு."

முதல் வரியிலேயே பாட்டை அடையாளம் கண்டு கூடம் ஆரவாரித்தது. எங்கள் ஆட்கள் சும்மா உட்கார்ந்து கேட்கிறவர்கள் இல்லை. இரண்டாவது தட்டிலும் நாலாவது தட்டிலும் கைதட்டினால்தான் அவர்களுக்கு அது பாட்டு. என்னிடமோ நாலாவது தட்டே இல்லை. கைதட்டல் ஆளுக்கொரு பக்கம் சிதறியது.

"ஏய் ரெனெட்டா, பாட்டோட ஒரு காலை ஒடிச்சிட்டியா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

"நாலுக்கே போயிடலாம்," என்று லவெல் பல்லைக் கடித்தான்.

"மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, அவமானத்தில் எனக்கு முகம் எரிந்தது. அப்போதுதான் வான்செல்லாவைக் கவனித்தேன். அவர் கைதட்டவில்லை. ஆனால் தோள்கள் மெதுவாக இடமும் வலமும் அசைந்தன. காலையில் பிரசங்கம் முடிந்து பழைய ஞானப்பாட்டு எடுக்கும்போது சபை முழுக்க அப்படித்தானே அசையும்! அந்தப் பாட்டுகளில் பாதி மூன்று தட்டுதான். காலையில் அதற்கு அசைந்த அதே ஜனம், கிளப்புக்குள் வந்ததும் பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டது.

"லவெல், குச்சியைக் கீழ வை," என்றேன்.

டிரம்ஸ் நின்றது. சர்ச் ஆர்கனை வாசிப்பதுபோல் சுரங்களை நீட்டி வாசித்தேன். வரி முடிந்ததும், சபையின் பதிலுக்குப் போதகர் காத்திருப்பதுபோல் காத்திருந்தேன். கூடம் அமைதியாக இருந்தது. அடுத்த வரியை எடுப்பதா வேண்டாமா என்று தடுமாறினேன்.

"அவசரம் இல்ல மகளே!" என்று முன் மேசையிலிருந்து வான்செல்லா குரல் கொடுத்தார். "நிதானமா வா!"

தடுமாறுகிற போதகருக்குச் சபை சொல்கிற வார்த்தை அது. "ஆமென்!" என்றது பின் மேசை. அடுத்த வரியில் கைகள் இறங்கின, தோள்கள் அசைந்தன. லவெல் விரல்களால் டிரம்ஸின் தோலைத் தடவித் தாளத்தை மெல்லச் சேர்த்தான். ஒரு ஜோடி எழுந்தது, பிறகு நாலைந்து. தங்கள் கல்யாணத்தில் இதே பாட்டுக்குக் குதித்தவர்கள், இப்போது கன்னத்தோடு கன்னம் வைத்து ஆடினார்கள். பாட்டின் காலை நான் ஒடித்துவிட்டதாகக் கத்தியவரும் மனைவியைக் கட்டிக்கொண்டு சுற்றினார். நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே வாசித்தேன்.

வான்செல்லா தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஆர்கன் பக்கம் வந்தார். பாடத் தொடங்கியவர் இரண்டாவது வரியில் வழி தெரியாமல் நின்றுவிட்டார். நான் போட்டிருந்த சுரங்கள் அவருக்குப் புதிது. கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார்.

"அடுத்த ஞாயிறும் இதை வாசிப்பேதானே?" என்றார் பாட்டு முடிந்ததும்.

"கோராவைக் கேளுங்க சிஸ்டர்."

வியர்த்து விறுவிறுக்க ஆடி முடித்திருந்த கோரா அங்கிருந்தே கத்தினாள்: "வாசிக்காமப் போயிடுவாளா? இசைத்தட்டுக்காரனை வர வேணாம்னு சொல்லிடுறேன்!"

வான்செல்லா என் தோளில் கை வைத்தார்.

"அப்ப நடுவுல ஒரு நாள் வீட்டுக்கு வாடி. என் பாட்டை எனக்குச் சொல்லிக்குடு."